நடுக்குளத்தில் நின்ற எஞ்சின்

போன மாதம் இங்கினியாகல குளத்தில் போட் ஓட்டும் பையன்கள் கூட்டம் வைத்து, அந்தக் குளத்துப் பழைய ஆள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடை எல்லாம் போட்டார்கள். அந்தச் சால்வை கழுத்தில் அரித்தது. மைக்கைக் கையில் கொடுத்து, "ஐயா, ஒங்க காலத்துல யானை பாக்கப் போனப்ப ஏதாவது பிரச்சினை வந்திருக்கா?" என்று ஒருவர் கேட்டார். "அப்பிடி ஒண்ணும் வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே என் மேல் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. எண்பதை நெருங்கும் வயதில் யாருக்குப் பயந்து இந்தப் பொய்? அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

நான் பிறந்தது பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பதினெட்டு வயதில் ஃபேக்டரியில் எஞ்சின் துடைக்கிற வேலைக்குப் போனேன். பிறகு எஞ்சின்காரன் ஆனேன். மொத்தம் பதினோரு வருஷம். அந்தக் காலத்தில் ஒரு பெரிய டீசல் எஞ்சின்தான் ஃபேக்டரி முழுவதையும் ஓட்டும். கூரைக்குக் கீழே நீளமான இரும்புத் தண்டு சுற்றும், அதிலிருந்து வார்ப்பட்டைகள் இறங்கிக் கொழுந்து அரைக்கும் ரோலர்களைச் சுற்றும். வார்ப்பட்டை ஒருவனுடைய கையை இழுத்துக்கொண்டால் கை போய்விடும். நான் சேர்ந்த வருஷமே ஒருவருக்குப் போனது. அதனால் ஃபேக்டரியை நடத்திய டீமேக்கர் ஐயா எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் வைத்தார்.

"அலறல் கேட்டா எஞ்சின் நிக்கணும். எதுக்கு அலறுனான்னு பொறவு விசாரிச்சுக்கலாம்."

சும்மா சொல்லிவிட்டுப் போகிற ஆளில்லை அவர். நான் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வந்து நின்று "ஐயோ!" என்று கத்துவார். நான் சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் லீவரைத் தூக்க வேண்டும். தூக்கினால் எஞ்சின் மூச்சு விட்டுவிட்டு நின்றுவிடும். பதினோரு வருஷத்தில் இரண்டு பேருடைய கை என்னால் மிஞ்சியது. அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

எழுபதுகளில் தோட்டம் அரசாங்கத்திடம் போனது. ஃபேக்டரிக்குக் கரண்ட் வந்தது, என் எஞ்சினைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். என்னைக் கொழுந்து வாட்டுகிற மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே நின்று கொழுந்து உதறிக்கொண்டிருக்க எனக்கு ரோசம் விடவில்லை. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் கணக்கில், பெயரை வெட்டச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். நாங்கள் இருந்த லயத்து அறை, காம்பிரா என்போம், கொழுந்து எடுக்கிற என் மனைவி பாக்கியத்தின் பெயரில் இருந்ததால் தப்பித்தோம். தோட்டத்தை விட்டு இப்படி இறங்கியவனை மறுபடி சேர்க்க மாட்டார்கள். அந்தக் கதவு மூடினால் மூடியதுதான்.

அப்போதுதான் மஹ்ரூப் நானா என்னைப் பிடித்தார். பதுளை பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம்காரர், நானா என்றால் அண்ணன். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவர் பறவை, மிருகம் என்று அலைவார். மரத்தால் ஆன ஒரு போட்டை வாங்கி, அதில் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பூட்டி, இங்கினியாகல குளத்தில் விட்டிருந்தார். அந்த எஞ்சினையும் நிறுத்த லீவரைத்தான் தூக்க வேண்டும். கொழும்புத் துறைமுகத்தில் சில நாள் நிற்கும் உல்லாசக் கப்பல்களிலிருந்து வெள்ளைக்காரர்கள் ரயிலேறிப் பதுளைக்கு வருவார்கள். ஸ்டேஷனிலிருந்து நானாவின் வேனில் பசறை, லுணுகலை, பிபிலை வழியாக அவர்களைக் குளத்துக்குக் கூட்டிப்போவோம். குளம் என்றால் கோயில் குளம் மாதிரி நினைக்க வேண்டாம். கரை தெரியாத தண்ணீர், நடுவில் முன்பு மலையாக இருந்து இப்போது தீவாகிப்போன திட்டுகள். அந்தத் திட்டுகளில் புல் நன்றாக இருக்கும். அதற்காக யானைகள் காட்டுக் கரையிலிருந்து நீந்திப் போகும். அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடு.

நானா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரைப் போல நச்சரிக்கிற ஆளையும் பார்த்ததில்லை. டீசலை நேரே ஊற்ற விடமாட்டார். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, முகர்ந்து பார்த்து, குச்சி விட்டு அளந்த பிறகுதான் டேங்க்கில் ஊற்றுவேன். பயணிகளை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கி, பருமனானவரை நடுவிலும் மெலிந்தவரை ஓரத்திலும் உட்காரவைப்பார். முன்னால் ஒரு மூங்கிலில் துணித்துண்டு கட்டியிருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று அதைப் பார்த்துத்தான் போட்டைத் திருப்புவார். ஏறியதும் "பிஸ்மில்லாஹ்" சொல்வார். "நீயும் ஒன் சாமியக் கும்பிட்டுக்க, ரெண்டு பக்கமும் ஆள் ஈக்கட்டும்" என்று என்னைக் கிண்டல் பண்ணுவார். 'இருக்கட்டும்' என்பது அவர் வாயில் 'ஈக்கட்டும்' என்றுதான் வரும்.

யானை விஷயத்தில் அவருடைய சட்டம் வேறு.

"யான நீந்துறப்ப எஞ்சின அணைக்கக் கூடாது. கியரை எடுத்துட்டு மெதுவா ஓடவிடு. ஒரே சத்தமா ஈந்தா அதுக்குப் பழகிரும். சத்தம் மாறினாத்தான் பயப்படும். காத்து தள்ளினா ஒடனே கியரைப் போட்டு விலகிக்கலாம், எஞ்சின் நின்னா அது தள்ளுற பக்கம் போயிருவம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல மட்டும் போயிரக் கூடாது பெரியசாமி."

நன்றாகத் தலையாட்டினேன். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன். அந்த இரண்டு வருஷத்தில் போட்டில் ஒருவரும் அலறவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாள் வெயில் மாதத்தில் வந்தது. ஆறு பேர். அதில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு வயதான அம்மா, பார்க்கிற பறவையை எல்லாம் எழுதிக்கொண்டே வந்தார். இருபது வயதுப் பெண் ஒன்று, எதைப் பார்த்தாலும் சிரிக்கிற பிள்ளை. போட்டின் முன்னால் பியதாச உட்கார்ந்திருந்தார். காட்டு வழி தெரிந்த சிங்கள மனிதர், யானையின் குணம் அறிந்தவர். நடுவில் எஞ்சின் பெட்டியருகே நான். பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நானா.

காலையில் பட்டமரத் திட்டுக்குப் போனோம். ஒவ்வொரு கிளையிலும் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. கழுகு ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே மீனைத் தூக்கிக்கொண்டு போனது. சேற்றில் முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தும் சிரித்தாள். மத்தியானம் ஒரு திட்டின் நிழலில் போட்டைக் கட்டி, நானாவின் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டோம். அந்த வயதான அம்மா கையால் பிசைந்து சாப்பிட்டுக் காட்டினார். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். நல்ல நாள்தான் அது.

பின்னேரம் நாலு மணி இருக்கும். பியதாச கையை உயர்த்தினார். காட்டுக் கரையிலிருந்து ஐந்து யானைகள் தண்ணீரில் இறங்கின. மூன்று பெண் யானைகள், வளர்ந்த குட்டி ஒன்று, சின்னக் குட்டி ஒன்று. கொஞ்ச நேரத்தில் தும்பிக்கை நுனியும் மண்டையும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. நானா அவற்றுக்குப் பின்னால், நல்ல தூரத்தில், காற்றுக்கு ஏற்ற மாதிரி போட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். நான் கியரை எடுத்துவிட்டேன். எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

பாதி வழியில் சின்னக் குட்டி களைத்துவிட்டது. தாய் நின்று திரும்பி, தும்பிக்கையைக் குட்டியின் வயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கியது. குட்டியின் முதுகு முழுவதும் தண்ணீருக்கு மேலே வந்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பெண் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அலறினாள்.

என் கை லீவரைத் தூக்கிவிட்டது.

நான் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எஞ்சின் மூச்சு விட்டுவிட்டு நின்ற பிறகுதான் நான் எங்கே இருக்கிறேன் என்றே எனக்குத் தெரிந்தது. இங்கே ரோலரும் இல்லை, வார்ப்பட்டையும் இல்லை. அப்படியொரு அமைதி. யானைகளும் நின்றுவிட்டன.

பின்னாலிருந்து அடித்த காற்று எங்களை நேரே தள்ளியது. நான் எஞ்சின் சுற்றுகிற கைப்பிடியைத் தேடிக் குனிந்து, துழாவி எடுத்து நிமிர்வதற்குள் குட்டி இடது பக்கம், தாய் வலது பக்கம், நாங்கள் நடுவில். எதைச் செய்யக் கூடாது என்று நானா தினமும் சொன்னாரோ அதையே செய்து முடித்திருந்தோம். தாயின் தும்பிக்கையிலிருந்து நழுவிய குட்டி, போட்டுப் பலகையை உரசிக்கொண்டு தத்தளித்தது. அதன் கண்ணிமை மயிர்கூடத் தெரிந்தது.

தாய் போட்டின் மேல் வந்து மோதியது. போட் சரிந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. எல்லாரும் ஒரு பக்கமாக விழுந்தார்கள். "ஹெல்லென்ன எபா!" என்று பியதாச கத்தினார். அசையாதீர்கள் என்று அர்த்தம். வெள்ளைக்காரர்களுக்குச் சிங்களம் எங்கே தெரியும், ஆனாலும் அந்தக் குரலுக்கு எல்லாரும் கல்லாகிவிட்டார்கள். எங்களோடு சேர்த்து ஒன்பது உயிர் அந்தப் பலகைக்குள். வெளியே முதலைகள் உள்ள தண்ணீர். முருகா, என் கையாலே இத்தனை பேரைக் கொன்றுவிட்டேனே என்று எனக்குள் ஓடியது.

கைப்பிடியை எஞ்சினில் மாட்டப் போனேன். நானா தாழ்ந்த குரலில், "வேணாம். இப்ப ஸ்டார்ட் பண்ணினா அது போட்டக் கவுத்துரும். அடிப்பலகையைக் கழட்டு" என்றார்.

காலடியில் கிடந்த பலகைகளைப் பெயர்த்து, நானும் நானாவும் பியதாசவும் துடுப்பு மாதிரி பின்னோக்கி வலித்தோம். காற்றுக்கு எதிராக வலிக்க வேண்டும். குட்டியின் தும்பிக்கை ஒரு தடவை தண்ணீருக்குள் போனது, வெளியே வந்தது. மறுபடி போனது. இந்தத் தடவை வர நேரமானது. நானா வாய்க்குள் ஓதிக்கொண்டே வலித்தார். கடைசியாக நீந்தி வந்த இன்னொரு பெண் யானை எங்களைச் சுற்றிக்கொண்டு வந்து, குட்டிக்குக் கீழே தலையைக் கொடுத்தது. நாங்கள் இன்னும் இரண்டு பாகம், ஒரு பத்துப் பன்னிரண்டு அடி, பின்னால் போனதும் தாய்க்கு வழி கிடைத்தது. இரண்டுமாகச் சேர்ந்து குட்டியை நடுவில் வைத்துத் திட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. குட்டி சேற்றில் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து தாயின் காலுக்கிடையில் போய் நின்றது.

போட்டில் எல்லாரும் அழுதுகொண்டே கை தட்டினார்கள். அந்த வயதான அம்மா நனைந்த நோட்டுப் புத்தகத்தைக் விரித்துக் காயவைத்தார். அவர்களுக்கு அது பெரிய சாகசம். நான் குனிந்து போட்டுக்குள் வந்த தண்ணீரை இறைக்கத் தொடங்கினேன்.

கரைக்கு வந்து அவர்களை வேனில் ஏற்றிய பிறகு நானா என்னிடம் வந்தார்.

"எஞ்சின் தானா நின்னிச்சா, நீ நிப்பாட்டினியா?"

"தானா நின்னுச்சு நானா."

வாயிலிருந்து வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். தோட்டத்திலும் இடமில்லை. அதைவிட, பதினோரு வருஷம் எஞ்சின்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன், ஒரு பிள்ளை சிரித்துக் கத்தியதற்கு எஞ்சினை அணைத்தேன் என்று எப்படிச் சொல்வது? நானா என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார்.

எனக்கு அதோடு முடிந்தது என்று நினைப்பு. முடிந்ததா? மறுநாளே நானா எஞ்சினைக் கழற்றி லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுவந்து, கடைக்குப் பின்னால் இறக்கிவிட்டார். கப்பல்காரர்களை அனுப்புகிற ஹோட்டல்காரர் கடைக்கே வந்து கெஞ்சினார். "அடுத்த கப்பல் வருது நானா, ஒரு நாள் மட்டும்" என்றார்.

"தானா நிக்கிற எஞ்சின வச்சிக்கிட்டு ஆக்கள ஏத்தமாட்டேன்" என்று நானா சொல்லிவிட்டார். ஹோட்டல்காரர் வேறு ஆளைத் தேடிப் போனார்.

நான் தினமும் காலையில் எங்கள் தோட்டம் வழியாக வரும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் பதுளைக்கு இறங்கிப்போய் நானாவுக்கு எதிரே குந்துவேன். அவர் டீசல் பீய்ச்சுகிற நொசிலைக் கழற்றுவார், பம்ப்பைக் கழற்றுவார், வால்வைக் கழற்றுவார். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பேப்பர் மேல் வரிசையாக அடுக்குவார். பேப்பர் பறக்காமல் நான் பிடித்துக்கொள்வேன். நடுவில் கேட்பார்.

"நிக்க முந்தி சத்தம் கொறஞ்சிச்சா?"

"கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு நானா."

"பொக வந்திச்சா?"

"லேசா வந்துச்சு."

நான் "லேசா" என்று சொன்ன அந்தப் புகையைத் தேடி அவருக்கு இரண்டு நாள் போனது. சத்தம் குறைந்தது என்றதற்கு மூன்று நாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குச் சாட்சியாக இன்னும் நாலு பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் நம்பி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார்.

பாக்கியத்திடம் மட்டும் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்கதான் நிப்பாட்டுனீங்கன்னு சொன்னா என்ன, கொன்னா போட்டுருவாரு?"

"வேலை போயிரும்டி."

"இப்ப மட்டும் இருக்காக்கும்? போட்டு ஓடுதா?"

அவள் கேட்டது சரிதான். ஆனாலும் எனக்குத் தைரியம் வரவில்லை. பதினோராம் நாள் கடைக்குப் போனபோது மட்டக்களப்புப் பக்கத்து ஆள் ஒருவர் நின்றார். போட்டை விலை பேச வந்தவர். நானா அவரிடம், "போட்ட மட்டும் எடுத்துக்கங்க. எஞ்சின் சரியில்ல, ஒங்களுக்குத் தந்தா பாவம் எனக்கு வரும். இரும்புக்குப் போடப்போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல எஞ்சின் ஐயா அது! அப்படியொரு எஞ்சினை நான் அதற்குப் பிறகு தொட்டதில்லை. நானா அந்தப் போட்டைப் பற்றிப் பேசிய மாதிரி தன் சொந்தப் பிள்ளைகளைப் பற்றிக்கூடப் பேசியதில்லை. என் நாக்கு சொன்ன ஒரு வார்த்தைக்கு இரண்டையும் தூக்கிக் கொடுக்கிறார்.

வந்தவர் டீக் குடிக்க எழுந்து போனார். இரும்புக்குப் போடப்போகிறேன் என்று சொன்ன நானா, மனசு கேட்காமல் மறுபடி எஞ்சின் முன்னால் குந்தினார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியிருந்தார். லீவர் தானாக எழும்பாமல் இருக்க, தடித்த கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்து மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானா, போட்டக் குடுக்காதீங்க" என்றேன். "எஞ்சின்ல ஒண்ணுமில்ல. நான்தான் நிப்பாட்டுனேன். அந்தப் புள்ள அலறுனதும் கை தானா போயிருச்சு. ஃபேக்டரிப் பழக்கம். பொகையும் வரல, ஒண்ணும் வரல. அம்புட்டும் பொய்."

நானா கம்பி வளைத்த குறட்டைக் கீழே வைத்தார். பஜாரில் யாரோ வாழைத்தார் விலை கூவிக்கொண்டு போனார்கள்.

"நீ கைப்புடியத் தேடிக் குனியிறதுக்கு முந்தியே அந்த லீவர் மேல நின்னிச்சு" என்றார். "நான் என் கண்ணால கண்டேன். ஆனா நீ தானா நின்னுச்சின்னு சொன்ன. அதுனாலதான் அந்த லீவர் எப்பிடித் தானா எழும்புதுன்னு பதினொரு நாளா தேடிக்கிட்டு ஈக்கேன்."

ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இதை எப்படித் தாங்குவது? அந்த மனிதர் தன் கண்ணை நம்பாமல் என் வாயை நம்பியிருக்கிறார். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். மூன்று பிள்ளைக்குத் தகப்பன், பஜாருக்குப் பின்னால் குந்திக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். நானா தடுக்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினார், பிறகு அது மண்ணெண்ணெய் என்று ஞாபகம் வந்து முகம் துடைக்கத் தன் கைலேஞ்சியைக் கொடுத்தார்.

அழுகை அடங்கிய பிறகு கேட்டார்.

"திரும்பவும் ஒராள் அலறினா ஒன் கை எங்க போகும்?"

"எங்கயும் போகாது நானா" என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவருக்கும் அது சந்தோஷமாக இருந்திருக்கும். நான் என் கையைப் பார்த்தேன்.

"லீவருக்குத்தான் போகும் நானா. சத்தியமா அங்கதான் போகும்."

நானா தலையாட்டினார். "அப்ப இந்தக் கம்பி ஈக்கட்டும்" என்று சொல்லி, அந்தக் கொக்கியைக் குறட்டால் இன்னும் ஒரு முறுக்கு முறுக்கி இறுக்கினார். டீக் குடித்துவிட்டு வந்த மட்டக்களப்புக்காரரிடம், போட் விற்பனைக்கு இல்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

நாட்டு நிலைமை கெட்டு அந்தப் பக்கம் போக முடியாமல் போகும்வரை, அந்தக் கொக்கியோடு மேலும் சில வருஷம் ஓட்டினோம். அதைக் கழற்றித்தான் எஞ்சினை நிறுத்த முடியும், கழற்ற இரண்டு கையும் வேண்டும். யானையைக் கண்டு எத்தனையோ பேர் சந்தோஷத்தில் அலறினார்கள். ஒவ்வொரு தடவையும் என் கை லீவருக்குப் போய்க் கொக்கியில் தடுக்கி நின்றது. வெட்கத்தோடு பின்னால் திரும்பிப் பார்ப்பேன். நானா என்னைப் பார்க்காத மாதிரி தண்ணீரையே பார்த்துக்கொண்டு சுக்கானைப் பிடித்திருப்பார்.